டீபக் கருவிகளுக்கான கையேட்டை ஏஐ முகவருக்கு எப்படி எழுதித் தருவது?

தண்டையார்பேட்டையில், காசிமேட்டு விசைப்படகுகளுக்கான பேட்டரி சார்ஜர் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) எழுதும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: மேசையில் எஸ்டி-லிங்க் (சில்லைக் கணினியோடு இணைத்துப் பிழை தேட உதவும் டீபக் கருவி), எட்டுச் சேனல் லாஜிக் அனலைசர் (கம்பிகளில் ஓடும் துடிப்புகளைப் பதிவு செய்வது), கணினியோடு இணைத்த பவர் சப்ளை, மல்டிமீட்டர் எல்லாம் இருக்கின்றன. இவற்றை இயக்க ஓர் ஏஐ முகவருக்கு அனுமதி தந்து, எல்லாக் கருவிகளின் கையேடுகளையும் ஒரே கோப்புறையில் போட்டுக் கொடுத்தாயிற்று. கட்டளைகளை அது சரியாகவே கொடுக்கிறது, ஆனால் அது எட்டும் முடிவுகள் தவறாக இருக்கின்றன. கையேட்டை வேறு எப்படி எழுதுவது?

தம்பி, உங்கள் முகவருக்குக் கட்டளைகள் ஏற்கெனவே தெரியும். கருவி தந்த பதிலை எந்தச் சூழ்நிலையில் நம்பக் கூடாது என்பதைத்தான் அதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நம் கையேடுகள் யாவும், மேசைக்கு முன்னால் கண்ணும் காதும் மூக்கும் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. ரிலே விழுந்த சத்தம் கேட்டதா, சில்லு சுடுகிறதா, விளக்கு மங்கியிருக்கிறதா, கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்பதையெல்லாம் அவர் யாரும் சொல்லாமலேயே கவனித்துவிடுவார் என்பதால் கையேடு அவற்றைப் பேசுவதே இல்லை. முகவருக்கு வந்து சேர்வதோ நான்கு வரி எழுத்து மட்டும். ஆகவே நீங்கள் எழுதப்போகும் கையேட்டின் பெரும்பகுதி, கருவி பார்வைக்கு நியாயமான ஒரு பதிலைக் கொடுத்து ஏமாற்றும் இடங்களைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எஸ்டி-லிங்கிலிருந்தே தொடங்குவோம். அதை இயக்கும் ஓப்பன் ஓசிடி மென்பொருள் போர்டோடு இணையும்போது ‘டார்கெட் வோல்டேஜ்’ என்று ஒரு வரி அச்சிடும். எஸ்டி நிறுவனத்தின் அசல் கருவி, இருபது முனைக் கனெக்டரின் ஒரு முனை வழியாகப் போர்டின் மின்னழுத்தத்தை அளந்து அந்த எண்ணைச் சொல்கிறது. பென்டிரைவ் வடிவில் மலிவாகக் கிடைக்கும் நகல்களில் பெரும்பாலும் அந்த அளவு முனையே கிடையாது. அவை தங்கள் சொந்த 3.3 வோல்ட்டையே அளந்து சொல்கின்றன. போர்டில் மின்சாரமே இல்லாதபோதும் 3.2 வோல்ட் என்ற வரி வரும். அதைப் படித்த முகவர் ‘மின்சாரம் சரியாக இருக்கிறது’ என்று குறித்துக்கொண்டு, அடுத்த ஒரு மணி நேரத்தை ஃபர்ம்வேரில் குற்றம் தேடுவதில் கழிக்கும். அதனால் கையேட்டில் இப்படி எழுதுங்கள்: “இந்த மேசையில் உள்ள எஸ்டி-லிங்க் நகல். அது சொல்லும் மின்னழுத்தம் போர்டுக்கு உரியதன்று. போர்டின் மின்னழுத்தம் வேண்டுமானால் மல்டிமீட்டரிடம் கேள். மல்டிமீட்டரின் சிவப்பு முனை 3.3 வோல்ட் சோதனைப் புள்ளியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது.” கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் முன்னவை மூன்றும் வீண், ஏனென்றால் எந்த முனை எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது மேசைக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மல்டிமீட்டருக்கும் அதற்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அளவைக் கருவிகள் பேசும் எஸ்.சி.பி.ஐ. மொழி 1990இல் வகுக்கப்பட்டது. அதன்படி, அளவு எல்லையைத் தாண்டிவிட்டால் கருவி பிழைச் செய்தி தருவதில்லை, 9.9 பெருக்கல் பத்தின் 37ஆம் அடுக்கு என்ற எண்ணைத் தருகிறது. மனிதர் பார்த்தால் திரையில் ‘ஓவர்லோடு’ என்று இருக்கும். கணினி வழியாகக் கேட்டவருக்கு வருவது ஓர் எண், அவ்வளவுதான். அறுந்த ஒயரின் மின்தடையை அளந்த முகவர் இந்த எண்ணைச் சராசரியில் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதைக் குறை சொல்ல முடியாது. அந்த எண்ணுக்கு ‘எல்லை கடந்தது, இணைப்பு திறந்திருக்கலாம்’ என்று பொருள் என்பதையும், ஒவ்வோர் அளவுக்குப் பிறகும் கருவியின் பிழை வரிசையைக் கேட்டுக் காலி செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

லாஜிக் அனலைசரில் நான் இன்னும் கவனமாக இருப்பேன், ஏனென்றால் அது தவறும்போதும் எழுத்துகளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சீரியல் வேகம் நொடிக்கு 115200 பிட் என்றால் ஒரு பிட்டின் நீளம் ஏறத்தாழ 8.7 மைக்ரோ நொடி. மாதிரி எடுக்கும் வேகத்தை 200 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் ஒரு பிட்டுக்கு இரண்டு மாதிரிகூடத் தேறாது. அப்போதும் அனலைசரின் பதிவைப் படிக்கும் சிக்ராக் மென்பொருள் டீகோட் செய்து ஏதோ எழுத்துகளை வரிசையாக அச்சிடும், ஆங்காங்கே சரியான எழுத்தும் தற்செயலாக விழும். அதைப் பார்க்கும் முகவர் ‘தரவு சிதைகிறது, பஃபர் நிரம்புகிறது’ என்று ஒரு கதையைக் கட்டிவிடும். 1 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் பிட்டுக்கு எட்டு மாதிரிகளுக்கு மேல் கிடைக்கும், சிக்கல் தீர்ந்துவிடும். எனவே ‘மாதிரி வேகம் சீரியல் வேகத்தைப் போல் குறைந்தது எட்டு மடங்கு, அதற்குக் கீழே வந்த எந்த டீகோடையும் ஆதாரமாகக் கொள்ளாதே’ என்று எண்ணோடு எழுத வேண்டும். சில்லுகள் தம்முள் பேசும் ஐ-ஸ்கொயர்-சி இணைப்பின் முகவரியிலும் இதே கவனம் தேவை. கடிகாரச் சில்லின் ஏழு பிட் முகவரி பதினாறடிமானத்தில் 68. எழுதும் பிட்டையும் சேர்த்து எட்டு பிட்டாகச் சொல்பவர்கள் அதையே டி0 என்பார்கள். உங்கள் ஃபர்ம்வேர் ஒன்றையும் அனலைசர் மற்றொன்றையும் பயன்படுத்தினால், இரண்டும் ஒன்றே என்று ஒரு வரி எழுதாத வரை முகவர் இல்லாத ஒரு சில்லைத் தேடிக்கொண்டிருக்கும்.

இனி என் மேசையில் நடந்த ஒன்று. வியாசர்பாடியில் நான் வேலை செய்யும் இடத்துக்கு, படகிலிருந்து கழற்றிய கண்காணிப்புப் போர்டு ஒன்று வந்தது. கடலில் சில நேரம் தானாக ரீசெட் ஆகிறது என்பது புகார். போர்டை ஒரு முகவரிடம் ஒப்படைத்தேன். அது பிரேக்பாயின்ட் (நிரலை நடுவில் நிறுத்தும் புள்ளி) வைத்து நிறுத்தியது, மாறிகளைப் படித்தது, யோசித்தது, மீண்டும் ஓட விட்டது. பிறகு ரீசெட்டின் காரணத்தைக் காட்டும் ரெஜிஸ்டரை (சில்லின் உள் நினைவிடத்தை) படித்தது. அதில் வாட்ச்டாக் (நிரல் குறித்த நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் சில்லை ரீசெட் செய்யும் காவல் கடிகாரம்) கொடி உயர்ந்திருந்தது. ‘முதன்மைச் சுழற்சி எங்கோ சிக்கிக்கொள்கிறது’ என்று முடிவு செய்து, வாட்ச்டாக்கைப் புதுப்பிக்கும் அழைப்பை மூன்று இடங்களில் கூடுதலாகச் செருகிவிட்டது.

வாட்ச்டாக் ரீசெட் நடந்தது உண்மை. ஆனால் அதை நடத்தியது முகவரேதான். அந்தப் போர்டில் உள்ள எஸ்டிஎம்32 சில்லின் தற்சார்பு வாட்ச்டாக், நாம் புராசசரை நிறுத்தி வைத்திருக்கும்போதும் தன் கடிகாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். டீபக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் அதை உறைய வைக்கும் பிட்டை உயர்த்தினால்தான் நிற்கும். ஓப்பன் ஓசிடியோடு வரும் எஃப்1 வகைச் சில்லுக்கான அமைப்புக் கோப்பு, இணையும்போதே அந்தப் பிட்டை வைத்துவிடுகிறது. நானோ அன்று வேறொரு சிறிய ஸ்கிரிப்ட் வழியாக இணைக்கச் சொல்லியிருந்தேன், அது அந்த வேலையைச் செய்யவில்லை. கண்ணெதிரே மேசையில் இருந்திருந்தால், நிறுத்தி வைத்த சில நொடிகளில் விளக்கு மீண்டும் தொடக்க வரிசையில் மின்னுவதைப் பார்த்தே நான் புரிந்துகொண்டிருப்பேன். முகவருக்கு அந்த விளக்கு இல்லை. படகில் நிகழ்ந்த உண்மையான கோளாறோ, மின் இணைப்பில் உப்பு படிந்து, மோட்டார் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்ததுதான். முகவர் செருகிய மூன்று அழைப்புகளோடு அந்த ஃபர்ம்வேர் வெளியே போயிருந்தால், உண்மையிலேயே சுழற்சி சிக்கும் ஒரு நாளில் வாட்ச்டாக் காப்பாற்ற வந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதைக்கிறது. அந்த வாரமே எங்கள் கையேட்டில் ஒரு விதி சேர்ந்தது: எந்த அளவீட்டையும் ஆதாரமாகச் சொல்வதற்கு முன், அந்த விளைவை உன் சொந்தச் செயல் உண்டாக்கியிருக்க முடியுமா என்பதை எழுது, இதற்காக, கடைசியாக நீ புராசசரை நிறுத்திய நேரத்தையும் ரீசெட் நேர்ந்த நேரத்தையும் அருகருகே பதிவு செய்.

உங்கள் சார்ஜரில் இந்த ‘நிறுத்து’ கட்டளை இன்னும் ஆபத்தானது. புராசசர் நின்றாலும் டைமர் நிற்பதில்லை. மேலே சொன்ன அமைப்புக் கோப்பு வாட்ச்டாக்கை உறைய வைக்கிறதே தவிர, டைமர்களைத் தொடுவதில்லை. ஆகவே வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். துடிப்பு கடைசியாக இருந்த அகலத்திலேயே தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும், ஆனால் அந்த அகலத்தைத் திருத்தும் கட்டுப்பாட்டுக் கணக்கு நின்றுபோயிருக்கும். அந்த நேரத்தில் பேட்டரி இணைப்பு விடுபட்டால் வெளியீட்டு மின்னழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சரி, டைமரையும் உறைய வைத்துவிடலாம் என்றால், அது உறையும் கணத்தில் மாஸ்ஃபெட்டின் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சின்) கேட் உயர்ந்த நிலையில் இருந்தால் அப்படியே நின்றுவிடக்கூடும். காயிலில் மின்னோட்டம் ஏறி மாஸ்ஃபெட் வெடிக்கும். மென்பொருள் உலகில் பிரேக்பாயின்ட் என்பது தீங்கற்ற செயல், பயிற்சியில் முகவர் கற்றதும் அதுதான். உங்கள் மேசையில் அது தீங்கான செயல் என்பதைக் கையேட்டின் முதல் பத்து வரிக்குள் எழுதுங்கள். பவர் பகுதிக்கு மின்சாரம் இருக்கும்போது நிறுத்துவதற்கு அனுமதி இல்லை; நிறுத்த வேண்டுமானால் முதலில் பவர் சப்ளையின் முதல் வெளியீட்டை அணைத்து, அது பூஜ்யத்துக்கு வந்ததை மல்டிமீட்டரில் உறுதி செய்து, லாஜிக் பகுதிக்கு மட்டும் இரண்டாம் வெளியீட்டிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

‘படிப்பது மட்டும்தானே’ என்று நாம் பட்டியலிடும் கட்டளைகளும் அப்படியே. சீரியல் போர்ட்டின் தரவு ரெஜிஸ்டரை டீபக்கர் வழியாகப் படித்தால், வந்து காத்திருந்த பைட் எடுக்கப்பட்டதாகச் சில்லு கருதிக் கொடியை இறக்கிவிடும். ஃபர்ம்வேருக்கு அந்த பைட் கிடைக்காது. பெரிஃபெரல் பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிப் பார்க்கும் பழக்கம் முகவர்களுக்கு இருப்பதால் இது அடிக்கடி நேரும். லினக்ஸில் சீரியல் போர்ட்டைத் திறந்தாலே டி.டி.ஆர்., ஆர்.டி.எஸ். என்ற கட்டுப்பாட்டுக் கம்பிகள் அசையும், ஈஎஸ்பி32, ஆர்டுயினோ வகைப் போர்டுகள் பலவும் அந்த அசைவில் ரீசெட் ஆகும்படியே வடிவமைக்கப்பட்டவை. லாகைப் பார்க்கத் திறந்ததே லாகை அழித்துவிடும்.

நம்பத் தக்கதையும் அதே நுட்பத்தோடு எழுத வேண்டும். கார்டெக்ஸ்-எம்3 சில்லில் ஹார்ட் ஃபால்ட் (நிரல் தொடர முடியாத கடும் பிழை) நேர்ந்தபின், பிழையின் வகையைச் சொல்லும் சி.எஃப்.எஸ்.ஆர். ரெஜிஸ்டர் பதினாறடிமானத்தில் 8200 காட்டினால், பிழையான முகவரி பி.எஃப்.ஏ.ஆர். ரெஜிஸ்டரில் செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறது; அதை எடுத்துக்கொண்டு நேரே மூல நிரலுக்குப் போகலாம். அதுவே 400 காட்டினால் அந்த முகவரி செல்லாது. ஸ்டாக்கில் சேமிக்கப்பட்ட நிரல் இடமும் குற்றம் நடந்த வரியைத் தாண்டிப் போயிருக்கும். அப்போது அந்த வரியைத் திருத்தத் தொடங்காமல், எழுதும் பஃபரை முடக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த நான்கு வாக்கியங்கள், ஃபால்ட் ரெஜிஸ்டர்களின் முழு அட்டவணையை விடவும் பயன்படும்.

திரும்பப் பெற முடியாத செயல்களுக்கு வருகிறேன். மின்வாரிய லைன்மேன் எவரும் எல்.சி. வாங்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது. லைன் கிளியர் என்ற அந்த அனுமதி, எந்த ஃபீடர், எத்தனை மணி முதல், யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் கட்டிப்போடுகிறது. எங்கள் மேசையிலும் மூன்று செயல்களுக்கு எல்.சி. தேவை என்று வைத்திருக்கிறோம். முதலாவது, எஸ்டிஎம்32இன் வாசிப்புப் பாதுகாப்பு நிலையை மாற்றுவது. முதல் நிலையிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கினால் நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் முழுவதும் அழியும். கடலிலிருந்து வந்த போர்டின் ஒரே சாட்சியம் அதோடு போய்விடும். எஃப்4 போன்ற வகைகளில் இரண்டாம் நிலைக்கு ஏற்றிவிட்டால் அந்தச் சில்லில் டீபக் வாசல் நிரந்தரமாக மூடப்படும். இரண்டாவது, ஈஎஸ்பி32இன் ஈஃபியூஸை (நிரந்தர அமைப்பு பிட்டுகளை) எரிப்பது. ஒரு முறை எரித்த பிட்டை மீட்க வழியில்லை. மூன்றாவது, பவர் சப்ளையின் மின்னோட்ட வரம்பை உயர்த்துவது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘செய்யாதே’ என்று எழுதி வைப்பது பூட்டு ஆகாது. ஈஃபியூஸ் கருவி, எரிக்கும் முன் உறுதிச் சொல் ஒன்றைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கேட்கும். ஆனால் கேட்காமலே முன்செல்ல ஓர் ஆப்ஷனையும் அதே கருவி வைத்திருக்கிறது. ‘உள்ளீட்டுக்காகக் காத்து நிற்கிறது’ என்ற தடையைக் கண்ட முகவர், தடையை நீக்கும் வழியாக அந்த ஆப்ஷனைத் தேடிப் பிடிக்கும். ஏஐ முகவர்களைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையில், ஒரு கருவி படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா என்று குறிக்க வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது குறிப்பு மட்டுமே, தடுப்பு அன்று. ஆபத்தான கட்டளையை முகவர் தொடும் கருவியிலேயே சேர்க்காமல் விடுவதும், பவர் சப்ளையின் வரம்பைக் கையால் வைத்து முன்பலகையைப் பூட்டி, வரம்பை மாற்றும் கட்டளையை இடையில் உள்ள ஸ்கிரிப்டிலேயே மறுப்பதும்தான் உண்மையான பாதுகாப்பு. கையேடு செய்ய வேண்டியது, மறுப்பு ஏன் வந்தது, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்வது. காரணம் தெரியாமல் மறுக்கப்பட்ட முகவர் சுற்றுவழி தேடும். காரணமும் தொடர்பும் தெரிந்தால் பெரும்பாலும் நின்று கேட்கும்.

அடுத்து, மேசையின் நிலை. இதற்குத் தனியாக ஒரு பக்கம் வேண்டும், போர்டை மாற்றும்போதெல்லாம் அதைக் கையால் திருத்த வேண்டும். எந்தப் போர்டு, எந்தத் திருத்தம், அனலைசரின் எந்தச் சேனல் எந்தப் புள்ளியில், பேட்டரி இணைத்திருக்கிறதா அல்லது போலி லோடா, சில்லு அசலா நகலா என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வி அற்பமானதன்று. எஸ்டிஎம்32 எஃப்103 போர்டுகளில் நகல் சில்லு வருவது சாதாரணம். ஓப்பன் ஓசிடி 1இல் தொடங்கும் அடையாள எண்ணை எதிர்பார்க்க, சில நகல்களில் 2இல் தொடங்கும் எண் வரும், இணைப்பு மறுக்கப்படும். இதை ஒரு வரியில் எழுதி வைத்தால், ஒயர் பழுது என்று முகவர் அலைய வேண்டியதில்லை. காசிமேட்டிலிருந்து வரும் போர்டுகளில் ஒயர் பழுது உண்மையாகவே இருப்பதும் உண்டு. உப்புக் காற்றில் கிடந்த டீபக் முனைகளில் 4 மெகாஹெர்ட்ஸில் இணைப்பு அறுந்து அறுந்து வரும், 100 கிலோஹெர்ட்ஸில் ஒழுங்காக நிற்கும். எனவே ‘முதலில் 100 கிலோஹெர்ட்ஸில் இணை, அதில் வந்து அதிக வேகத்தில் வராவிட்டால் முனையைச் சுத்தம் செய்யச் சொல்லி மனிதரை அழை, ஃபர்ம்வேரைத் தொடாதே’ என்பது எங்கள் நிலைப் பக்கத்தின் முதல் வரி.

வடிவம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முகவர் இயக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் நேர வரம்பு இருக்கட்டும். ஜி.டி.பி. டீபக்கர் பக்கம் பக்கமாக நிறுத்திக் கேட்கும் பழக்கத்தை அணைத்து, பேட்ச் முறையில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். மினிகாம் போல உட்கார்ந்து உரையாடும் நிரல்களை விலக்குங்கள். எட்டுச் சேனலை 24 மெகாஹெர்ட்ஸில் ஒரு நொடி பிடித்தால் 24 மெகாபைட் சேரும் என்பதால், மூலத் தரவைக் கோப்பில் வைத்து டீகோட் ஆன வரிகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். பதிப்பு எண்ணை மறக்காதீர்கள். ஓப்பன் ஓசிடியில் அடாப்டரின் வேகத்தைக் குறிக்கும் கட்டளையின் பெயர், 2021இல் வந்த 0.11 பதிப்பில் மாறியது. பழைய பெயரைக் கற்ற முகவரும் புதிய கருவியும் சந்திக்கும் இடத்தில் வீண் குழப்பம் வரும்.

எழுதி முடித்ததும் கையேட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நன்றாக வேலை செய்யும் போர்டை எடுத்து, நீங்களே ஒரு பழுதைச் செய்யுங்கள்: தரை ஒயரைக் கழற்றுங்கள், அனலைசரின் இரண்டு சேனல்களை மாற்றிச் செருகுங்கள், போர்டின் மின்சாரத்தை அணைத்துவிட்டு எஸ்டி-லிங்கை மட்டும் விடுங்கள். பிறகு முந்தைய உரையாடல் எதுவும் தெரியாத புதிய முகவரிடம் கையேட்டை மட்டும் கொடுத்து, ‘போர்டு வேலை செய்யவில்லை, காரணம் கண்டுபிடி’ என்று சொல்லுங்கள். விடையை விட, அது எந்த வரியைப் படித்து எந்த முடிவுக்குத் தாவியது என்பதைக் கவனியுங்கள். தாவிய இடத்தில் கையேட்டில் ஒரு வாக்கியம் குறைகிறது. நாங்கள் தரை ஒயரைக் கழற்றி வைத்த நாளில், முகவர் பதினோரு கட்டளைகளுக்குப் பிறகு மூல நிரலைத் திறந்தது. ‘எல்லாச் சேனல்களிலும் ஒரே நேரத்தில் ஒழுங்கற்ற துடிப்பு தெரிந்தால் முதலில் தரை இணைப்பைச் சந்தேகி’ என்ற வாக்கியத்தைச் சேர்த்து இன்னொரு புதிய முகவரிடம் கொடுத்தோம். அது மூன்றாவது கட்டளையில் நின்று, கறுப்பு ஒயர் பொருத்தியிருக்கிறதா என்று எங்களைக் கேட்டது.